பம்பாயோடு நின்ற பாலைவனப் பயணம்

காரை மேட்டில் விட்டுவிட்டு, வெற்றுத் தண்ணீர்க் கலனோடு நான் நடந்துகொண்டிருந்தேன். மழை தூறியது. காலில் ரப்பர் செருப்பு, தலையில் வைக்கோல் தொப்பி. பின்னால் மரியதாஸ் அண்ணை குடை பிடித்தபடி செபமாலை சொல்லி வந்தார். நாங்கள் பாலைவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

சகோதரங்களே, இது 1986 யூலையில் நடந்தது. நியூசிலாந்தில், ஒக்லாந்தில் எனக்கு அது முதல் குளிர்காலம்; இங்கே யூலையில்தான் குளிர். மவுண்ட் வெல்லிங்டனில் இறைச்சி அடுக்கும் குளிர் அறையில் வேலை செய்தேன். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஒருநாள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு அது புதிதல்ல, பள்ளிக்கூடத்தையும் அப்படித்தான் விட்டேன். ஆனால் இந்தமுறை பயம் பிடித்தது. வேலை இல்லாவிட்டால் சான்ட்ரிங்ஹாமில் இருந்த வாடகை அறையும் இல்லை. அந்த நெஞ்சோடு தெருவில் படுத்தால் எழும்ப மாட்டேன். “ஆண்டவரே, கொஞ்சம் வெயிலும் ஒரு வேலையும் தாரும்” என்று அழுதேன்.

அதே அறையில் இருந்த மரியதாஸ் அண்ணையும் என்னைப்போல மன்னார்தான். அவர் ஒரு வீதி வரைபடத்தை விரித்தார். தெற்கே ஒரு தேசியப் பூங்கா, அதன் ஓரமாக ‘டெசேர்ட் ரோட்’.

“பாலைவனம் எண்டு அவங்களே எழுதி வைச்சிருக்கிறாங்கள், தம்பி. அங்க என்ன குளிரோ?”

எனக்கும் சரியாகத்தான் பட்டது. போய் வெயில் காய்வது, திரும்பி வந்து வேலை தேடுவது. செலவைக் குறைக்கத் திட்டம் போட்டோம். பாலைவனம் என்றால் மணல் இருக்கும், மணலில் படுத்தால் வாடகை மிச்சம். பூங்கா என்றால் வாங்குப் பலகையும் தண்ணீர்க் குழாயும் இருக்கும், ஆனாலும் நம்பாமல் அண்ணையின் காரில் கலன் கலனாகத் தண்ணீர் ஏற்றினோம். குடைகள், எலுமிச்சங்காய், ஒரு போத்தல் மோர். கம்பளிப் போர்வை வீண் பாரம், பெற்றோல் குடிக்கும் என்று விட்டுவிட்டோம். புறப்படுமுன் முழந்தாளில் நின்று, வெயில் எங்களை வாட்டாமல் காத்தருளும் என்று நான் உருக்கமாக மன்றாடினேன்.

ஒக்லாந்தின் தெற்கு ஓரத்தில் ஒரு மேடு இருக்கிறது. அதன் பெயர் பம்பாய். யார் வைத்த பெயரோ. அதில் ஏறும்போதே கார் கொதித்தது. பாலைவனத்துத் தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டர் குடித்தது, குடித்ததை அப்படியே வீதியில் விட்டது.

அப்படித்தான் நடக்கத் தொடங்கினோம். ஒரு குழாயைக் காட்டும் ஆண்டவரே, எங்களை எப்படியாவது பாலைவனம் சேர்த்துவிடும் என்று கேட்டுக்கொண்டே நடந்தேன்.

ஒரு லொறி நின்றது. ஓட்டி வந்தவர் வயதான குஜராத்திக்காரர், அங்கே தோட்டம் வைத்திருப்பவர். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அண்ணை சொன்னார். அவர் என் தொப்பியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாக விளக்கினார். அது மலையடி வெட்டவெளி, மரம் வளராததால்தான் அந்தப் பெயர். காலையிலிருந்து அங்கே பனி கொட்டுகிறதாம், ரேடியோவில் சொன்னார்களாம். இரவு அங்கே படுத்திருந்தால் இரண்டு பேரும் விறைத்துப் போயிருப்பீர்கள் என்றார்.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“வெயில் படக்கூடாது எண்டு நீ கொஞ்சம் கூடத்தான் மன்றாடிப் போட்டாய்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் ஓட்டை ரேடியேட்டரைக் கொண்டு ஆண்டவர் இரண்டு உயிரைக் காத்திருக்கிறார்.

அந்த மனிதர் எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய், ஹீட்டருக்கு முன்னால் இருத்தித் தேத்தண்ணீர் தந்தார். தோட்டத்தில் ஆள் குறைவு, காலையில் இறங்குவீர்களா என்று கேட்டார். கார் திருத்தும்வரைதான் என்று அண்ணை சொன்னார். எங்கும் தரிக்காத நான் இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். வரைபடத்தைக் காட்டிக் கேட்கவேண்டாம், இடம் அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை, குஜராத்திக்காரருடைய பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு பம்பாயில் கோவா வெட்டத் தொடங்கினேன். இந்தியாவிலிருந்து வந்த சகோதரங்கள் குழம்பவேண்டாம், நீங்கள் முட்டைக்கோஸ் என்பீர்கள். குனிந்து வெட்டும்போது முதுகில் வெயில் பட்டது. கொஞ்சம்தான். நான் கேட்டதும் கொஞ்சம்தான்.