பாதியில் வைத்த பாயசம்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஓர் ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் நடந்தது இது. வருடங்கள் ஓடிவிட்டன. இந்நேரம் கோபம் ஆறியிருக்க வேண்டும் என்பார்கள். சோறு ஆறும், ரசம் ஆறும். இது ஆறமாட்டேன் என்கிறது.

அப்போது நான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். கம்பியில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. அதே வேலையை வீட்டில் செய்ய எனக்கு அனுமதி கிடையாது. என் மனைவி சென்னையில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். விடிந்தும் விடியாமலும் மின்சார ரயில் பிடித்தால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். எனக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், பகலில் பாதி நேரம் வீட்டில் கிடப்பேன். ஆகவே சமையல் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதும் பொய்தான், நானாகத் தலையைக் கொடுத்தேன். அதிலும் கடைக்குப் போய் வேண்டியதையெல்லாம் வாங்கிவந்து சமைப்பதில் எனக்குச் சுவாரசியம் இல்லை. வீட்டில் என்ன கிடக்கிறதோ அதை வைத்து ஒப்பேற்றுவதில்தான் ருசி. மீந்த இட்லி, வாடின கீரை, அடிப்பானை அரிசி, இவற்றைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். சிலருக்குச் சீட்டுக்கட்டைப் பார்த்தால் வருமே, அதுபோல.

இதில் வெளியே சொல்லக் கூச்சப்பட ஒன்றுமில்லை. இருந்தும் நாங்கள் வெளியே சொல்லவில்லை. ஒருமுறை நான் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததை எங்கள் ஆலையின் பக்கத்து யூனிட்காரர் பார்த்துவிட்டுப் போய் ஷிப்ட் முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னை 'மாஸ்டர், இன்னிக்கி இன்னா ஸ்பெஷல்?' என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டேன். ஆனால் வெங்காயத்தை உள்ளே எடுத்துப் போய்விட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு. கேட்டின் கொக்கி சத்தம் கேட்டால் நான் கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஹாலில் பேப்பரோடு உட்கார்ந்துவிட வேண்டும். அவள் வந்து கரண்டியைப் பிடித்துக்கொள்வாள். ரிலே ரேஸில் கட்டை மாற்றுகிறவர்கள்கூட அவ்வளவு சுத்தமாக மாற்றமாட்டார்கள்.

அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம் அவளுக்கு அதிகாரியாகப் பதவி உயர்வு வந்தது. இரண்டு தடவை தேர்வு எழுதி வாங்கினது. திங்கட்கிழமை போய்ப் புதுப் பொறுப்பை ஏற்க வேண்டும், அல்லது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்றால் வீடு திரும்ப இன்னும் ஒரு ரயில் தாமதமாகும், அவ்வளவுதான். சந்தோஷத்தில் திருநின்றவூரில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்கவைத்து, கட்டிக் கொடுத்தவர் அவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் மேல் கோபப்படுவதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். போனில் அவர் வாழ்த்தவில்லை. 'நேர்ல வந்து பேசிக்கலாம் பாப்பா' என்றார். எங்கள் மகள் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாள். அவளுடைய அம்மா இன்னும் பாப்பா.

ஞாயிறு காலை மச்சான் செல்போனில் கூப்பிட்டு, சென்ட்ரலில் வண்டி ஏறிவிட்டோம், நானும் உங்க தங்கச்சியும் வந்துகினு இருக்கோம் என்றார். தங்கச்சி என்றது அவர் மனைவியை. அந்த அம்மாள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

நான்கு நாளாக விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். காய்கறி வண்டி வரவில்லை, பால் வரவில்லை, மளிகைக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தண்ணீரை வாரிக்கொண்டிருந்தார். என் மனைவி மறுநாளைக்குத் தேய்த்து வைத்த புடவையை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "வேலைய வுட்டுடச் சொல்லப் போறாரு. உங்க ஊட்ல அடுப்பே எரியறதில்லியாமேன்னு யாரோ அவர்கிட்ட சொல்லிக்கிறாங்க" என்றாள்.

அடுப்பு எரியவில்லையா. எனக்குச் சுருக்கென்றது. தினம் எரிகிற அடுப்பு. எரிக்கிறவன் உயிரோடு எதிரில் நிற்கிறேன். சரி, வரட்டும், இந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்று இலையில் காட்டுகிறேன் என்று லுங்கியை மடித்துக் கட்டினேன். என் சமையலை நான் அவளுக்கான வக்கீலாக நினைத்தேன். வக்கீல் எதிர்க்கட்சியில் போய்ச் சேர்வான் என்று யாருக்குத் தெரியும்.

வீட்டில் இருந்ததைச் சொல்கிறேன். கொல்லையில் மழைக்குச் சாய்ந்த பப்பாளி மரத்தில் ஒரு பச்சைக் காய். முறிந்து விழுந்த முருங்கைக் கிளை. பழவேற்காட்டு அம்மாள் ஒருத்தி கொண்டுவந்து கொடுக்கும் சென்னாக்குனி, அதாவது நகக்கண் அளவு காய்ந்த இறால், ஒரு பாட்டிலில் பாதி. பாசிப்பருப்பு. புளி தீர்ந்துபோயிருந்தது, ஆனால் கோடையில் போட்ட மாங்காய் வற்றல் இருந்தது. ஒரு தேங்காய், கொஞ்சம் வெல்லம். அப்புறம் முந்தின ராத்திரியின் சப்பாத்திகள். அவற்றின் விறைப்பை எங்கள் ஆலையில் சோதித்திருந்தால் தரச் சான்றிதழே கொடுத்திருப்போம்.

பப்பாளிக்காயைச் சீவிப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தேன். மாங்காய் வற்றலை வெந்நீரில் ஊறப்போட்டு அதன் புளிப்பிலேயே குழம்பு. முருங்கைக்கீரையைப் பேப்பரில் உதிர்த்து, சென்னாக்குனியை வறுத்துச் சேர்த்துப் பொரியல். இனிப்பு இல்லாமல் மச்சானுக்கு இலை போடக் கூடாது. கத்தரிக்கோலைக் கழுவி எடுத்துச் சப்பாத்திகளைப் பொடிப்பொடியாக நறுக்கி, டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த நெய்யில் சிவக்க வறுத்து, தண்ணீரில் குழைய வேகவைத்து, வெல்லப்பாகு விட்டு, அடுப்பை அணைத்துச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு தேங்காய்ப்பால் ஊற்றினேன். ஏலக்காய் இல்லை, அதன் தோல் மட்டும் டீத்தூள் டப்பாவில் கிடந்தது. தட்டிப் போட்டேன். ருசி பார்த்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அது அடிக்கடி வருகிற விருந்தாளி இல்லை.

கொக்கி சத்தம் கேட்டது. கட்டை மாறியது. கீரை உதிர்த்த அதே பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மச்சான் பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு வந்தார். குடையை மடக்கினார். உடனே பேச்சை எடுக்கவில்லை. சாப்பிட்டுப் பேசலாம் என்பது எங்கள் பக்கத்து நாகரிகம், வயிறு நிறைந்தவன் வாதாட மாட்டான் என்ற தெம்பு. அவரும் அவர் மனைவியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். எனக்கு ஷிப்ட் பழக்கம், அப்புறம் சாப்பிடுகிறேன் என்று தள்ளி உட்கார்ந்து பேப்பருக்கு மேலே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீரையை இரண்டாம் தடவை கேட்டார். குழம்பை மறுபடி ஊற்றச் சொன்னார். பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். மேடையில் நிற்கிற பாடகன் கைத்தட்டலுக்காகக் காத்திருப்பதுபோல நான் காத்திருந்தேன்.

"பாப்பா" என்றார். "இன்னா கைமணம் உனக்கு. அம்மா கை அப்டியே உனக்கு வந்துக்குது. இப்டி ஒரு கைய வச்சிக்கினு, அங்க போயி எவனோ செத்ததுக்கும் பொழச்சதுக்கும் பைல் தள்ளிக்கினு கீறியே. இந்தக் கை ஊட்ல இருந்தா இந்த ஊடு எப்டி இருக்கும்? நாலு பேரு இன்னா சொல்றான்னு நான் சொல்ல வரல. இந்தச் சாப்பாடு சொல்லுது. நாளைக்கி வேலையே வேணாம்னு எழுதிக் குட்த்துடு."

எனக்குக் காதில் ஆலைச் சங்கு ஊதியது போல இருந்தது. என் பப்பாளி. என் மாங்காய் வற்றல். அவளைக் காப்பாற்றத்தான் ஈர விறகாக இருந்த ஒரு காலையை ஊதி ஊதி எரியவைத்தேன். அதையே எடுத்து அவள் தலையில் போடுகிறாரே இந்த மனிதர். மோசமாகச் சமைத்திருந்தால், ஐயோ பாவம் நேரமில்லை என்று வேலையை விடச் சொல்லியிருப்பார். நன்றாகச் சமைத்ததால், இவ்வளவு திறமை வீணாகிறதே என்று விடச் சொல்கிறார். எந்தப் பக்கம் கிண்டினாலும் அடிபிடிக்கிற பாத்திரம்.

என் மனைவி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. தலையைக் குனிந்து, "சரிண்ணா, எழுதி..." என்று ஆரம்பித்தாள்.

"மச்சான், அது என் கை" என்றேன்.

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"மாப்ள தமாசு பண்றாரு" என்று சிரித்தார்.

"தமாசு இல்ல மச்சான். கூட்டு, கொழம்பு, கீரை, பாயசம், எல்லாம் நான் வச்சதுதான். இன்னிக்கி மட்டும் இல்ல."

அவர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா பாப்பா? பாயசத்துல இன்னா போட்ட, சொல்லு."

அவள் கரண்டியைப் பார்த்தாள். கரண்டி ஒன்றும் சொல்லவில்லை. "அடை மாதிரி... ஏதோ..." என்றாள்.

"நேத்து ராத்திரிச் சப்பாத்தி. கத்தரிக்கோலால நறுக்கினேன்" என்றேன்.

கவனியுங்கள், இந்த இடம்தான் எனக்கு ஆறாத இடம். அவர் கையில் டம்ளர் இருந்தது. பாதி குடித்திருந்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கண்ணை மூடவைத்த பாயசம். அதற்குள் அதில் எதுவும் மாறவில்லை. வெல்லம் அதே வெல்லம், பால் அதே பால். டம்ளரைத் தரையில் வைத்து, விரலால் மெல்லத் தள்ளி வைத்தார். பழைய சப்பாத்தி என்பதால் தள்ளினார் என்றால் நான் மன்னித்திருப்பேன். இல்லை. அடுத்து அவர் கேட்டது சப்பாத்தியைப் பற்றி அல்ல.

"அப்போ இத்தினி வருசமா நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்று தங்கையைக் கேட்டார்.

அவள் நிமிர்ந்தாள். "சாப்ட்டுக்கினு இருந்தேன்ணா" என்றாள்.

அதில் கிண்டல் இல்லை, எதிர்ப்பு இல்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில். அவர் குனிந்து, "ஒரு ஆம்பள அடுப்பாண்ட நின்னுகினு... வெளிய தெரிஞ்சா நான் எப்டி மூஞ்ச காட்றது" என்று இலையைப் பார்த்துச் சொன்னார். சமைத்தவன் நான், மூஞ்சி அவருடையதாம். நான் கையெழுத்துப் போட்ட கடனுக்கு அவர் ஜாமீன் நின்ற மாதிரிப் பேசினார்.

இவ்வளவு நேரமும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, அவர் தள்ளி வைத்த டம்ளரை எடுத்துத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டாள். "எனக்கு வந்தப்பவே தெரியும்ணே. உங்க கைல முருங்கெல ஒட்டிக்கினு இருந்துச்சி. பேப்பர்ல வேற" என்றாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "தேங்காப்பால் திரியலியே, எப்போ ஊத்துனீங்க?" என்று கேட்டாள்.

"அடுப்ப அணைச்சிட்டு, தங்கச்சி."

"கேட்டியாய்யா, அணைச்சிட்டாம்" என்று தன் புருஷனிடம் சொன்னாள். நீயும் ஒரு நாள் வைத்துப் பார் என்று குத்துகிறாள் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் எழுந்து கை கழுவப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது என் மனைவி தேய்த்த புடவையை பீரோவின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமலே, "நாளைக்கி ஜாயின் பண்றேன்ணா" என்றாள். அவர் குடையை எடுத்தார். கேட்டைத் தாண்டும்போது என் தோளைத் தொட்டு, "மாப்ள, இத்த வெளிய சொல்லிக்காதீங்க" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது. ஏதோ நான் ஆலையில் கம்பி திருடிப் பிடிபட்டவன்போலவும், குடும்ப கௌரவத்துக்காக அவர் மறைத்து உதவுவதுபோலவும்.

என் மனைவி மறுநாள் போனாள், அதற்கு மேலும் இரண்டு படி ஏறினாள். மச்சானும் வந்துபோகிறார். சோறு சாப்பிடுவார், கூட்டு சாப்பிடுவார். பாயசம் மட்டும் எங்கள் வீட்டில் தொடமாட்டார், சர்க்கரை என்பார். திருநின்றவூரில் அவர் வீட்டுக்குப் போனால் அந்தச் சர்க்கரை காணாமல் போய்விடும், என் கண்ணெதிரே இரண்டு டம்ளர் குடிப்பார். நான் சப்பாத்தி மீந்தால் இப்போதும் அதே பாயசம் வைக்கிறேன். இப்போது ஏலக்காய் முழுதாகவே போடுகிறேன், அன்றைக்கு இருந்த ருசி வருவதில்லை. அன்று அதில் கொஞ்சம் கர்வம் கலந்திருந்தது, அது கடையில் கிடைப்பதில்லை.

எங்கள் ஏற்பாடு அன்றோடு முடிந்தது. யார் வந்தாலும் நான் அடுப்படியிலேயே நிற்கிறேன், அங்கிருந்தே 'வாங்க' என்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கேட்டின் கொக்கி சத்தம் கேட்கும்போதெல்லாம் என் வலது கை, என்னைக் கேட்காமலே, தோளில் துண்டைத் தேடிப் போகிறது. மச்சான் மேல் இருக்கிற கோபம் என்றைக்காவது ஆறினாலும் ஆறும், அந்தக் கையின் மேல் இருக்கிற கோபம் ஆறாது.