வெளிப்பக்கம் பூட்டிய அறை

என் வீட்டுக்காரர் சுங்கைப் பட்டாணியில் ஒரு படக்கொட்டகையில் ஆப்பரேட்டர். நான் ஊருக்கு வெளியே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். ஜப்பான்காரன் மலாயாவை விட்டுப் போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. படம் ஓட்டுகிறவர் என்று தோட்டத்தில் அவருக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அதை ஒரு வேலை என்று ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "மாப்ளைக்கு என்னா, நெழல்ல ஒக்காந்து தெனம் ஓசிப் படம்லா," என்று என் சொந்த அண்ணனே சொல்லிச் சிரிப்பான்.

அந்த நிழலை நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். மெஷினுக்குள் கார்பன் குச்சி வெள்ளையாக எரியும். சன்னல் கிடையாது, சுவரில் இரண்டு ஓட்டை மட்டும். அந்தக் காலத்துப் படச்சுருள் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அப்படிப்பட்ட அறையை ஆட்டம் தொடங்கியதும் வெளியே பூட்டி, சாவியைக் கீழே டிக்கெட் கவுண்டரில் வைத்துக்கொள்வார் முதலாளி. திறந்து வைத்தால் ஆப்பரேட்டர் கூட்டாளிகளை ஓசியில் ஏற்றிவிடுவாராம். நாலு பேர் சும்மா பார்த்துவிடக் கூடாதென்று ஒரு மனுசனை உயிரோடு பூட்டி வைத்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆப்பரேட்டர்கள் சங்கம் வைத்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பூட்டை எடுங்கள். கொட்டகை முதலாளிமார் எல்லாரும் ஒன்று சேர்ந்து முடியாது என்றார்கள். ஸ்ட்ரைக் தொடங்கியது. மூன்றாம் நாள் காலை, வாசலில் அட்டை பிடித்து நின்றவர்கள் மேல் ஒரு லோரி நிறைய அடியாட்கள் வந்து இறங்கினார்கள். கையில் சைக்கிள் செயின், இரும்புக் குழாய். நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை, கல்லெறிந்து ஒருவன் மண்டையை உடைத்தார்கள். போலீஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது நம் ஆட்களை மட்டும். என் வீட்டுக்காரருக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிப் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையைத் திறந்துவிட்டார்கள். எங்கிருந்தோ ஒரு கருங்காலியைப் பிடித்து வந்து புதுப் படம் போட்டார்கள். மத்தியான ஆட்டத்துக்கு எங்கள் தோட்டத்திலிருந்தே ஆட்கள் புறப்பட்டார்கள். முன்னால் நின்றது என் அண்ணன். முந்தின வருசம் தோட்டத்தில் ஸ்ட்ரைக் நடந்தபோது தலைமை தாங்கியவன் அவன்தான். அப்போது எங்களுக்கு அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கியவர்கள் இந்த ஆப்பரேட்டர்கள்தான். அதைச் சொல்லிக் கேட்டேன்.

"நம்மள்து வெயில்ல வெந்து கேட்டது தங்கச்சி. இது வேற. அவங்க சண்டைக்குப் படம் என்னா பாவம் பண்ணுச்சு?" என்று சட்டைக் காலரை நீவிக்கொண்டே போய்விட்டான்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவரிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். அந்தக் கருங்காலியின் முகத்தில் காறித் துப்ப வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். நான் போனபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டுப் படிக்கட்டில் ஏறி அறைக் கதவுக்கு முன்னால் நின்றேன். பூட்டு தொங்கியது. என் காலடிச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கதவைத் தட்டினான்.

"அண்ணே, தொறங்கண்ணே!"

"நான் பொம்பள," என்றேன்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா. பொகை தாங்கல. இப்படிப் பூட்டுவாங்கன்னு ஒருத்தரும் சொல்லலக்கா."

சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் மறந்துபோயிற்று. அவன் குரலில் என் வீட்டுக்காரரின் அத்தனை வருசமும் கேட்டது. பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. கீழே ஓடிப் போய்ச் சாவி கேட்டேன். "படம் முடியட்டும், போம்மா," என்றான் கவுண்டர்காரன், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

வாசல் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மேடையில் ஏறித் திரைக்கு முன்னால் நின்றேன். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பாதிக் கொட்டகை எங்கள் தோட்டத்து ஆட்கள்தான்.

"மேல ஒரு ஆள உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க! தீப் புடிச்சா வெந்து செத்துப் போவான்! எந்திரிங்க, போயி ஒடைப்போம்!" என்று கத்தினேன்.

விசில் அடித்தார்கள். நாற்காலியைத் தட்டினார்கள். நடு வரிசையிலிருந்து ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது.

"ஒக்காரு தங்கச்சி, மறைக்குது! நல்ல கட்டம்லா இது!"

என் அண்ணன் ஆள் தெரியாமல் சொல்லிவிட்டான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் அவன் எனக்கு வழி வைக்கவில்லை.