தோசைக் கடையில் ஒரு வெளிநாட்டவர்

பினாங்கின் பாயான் பாருவில் ஓர் அங்காடி வளாகத்தில் மாமாவுக்குத் தோசைக் கடை இருக்கிறது. அம்மாவின் தம்பி. கடைக்கு இணையத்தளம் வேண்டும் என்று அவர் கேட்டபோது, எல்லாரும் பயன்படுத்தும் ஓர் இலவச மென்பொருளைச் சொன்னேன். பகலில் தொழிற்சாலையில் சில்லுகளைச் சோதிப்பது என் வேலை. எதையும் காரணத்தோடு வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். ஒன்று, மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு, ஒரு வரியை மாற்ற யாரிடமும் கெஞ்ச வேண்டாம், கைப்பேசியிலேயே மாற்றலாம். மூன்று, தமிழிலும் மலாயிலும் ஒரே தளத்தில் எழுதலாம். நான்கு, ஆயத்த வடிவமைப்புகள் ஏராளம்; பிடித்ததை எடுத்து நம் படங்களைப் போட்டுக்கொள்ளலாம்.

நான்காவது காரணத்தோடு மாமா கேட்பதை நிறுத்திவிட்டார்.

அவர் தேர்ந்தெடுத்த வடிவமைப்பின் முகப்பில் மாதிரிக்காக ஒரு படம் இருந்தது. உயரமான வெள்ளைத் தொப்பி, பொன்னிறத் தாடி, நீலக் கண்கள். ஓர் ஐரோப்பிய இளைஞர், தீ எழும் வாணலியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இது சும்மா மாதிரிப் படம். எடுத்துட்டு உங்க படத்தப் போடணும்."

"எதுக்கு? ஆளப் பாரு, எவ்ளோ சுத்தம். என் மூஞ்சியப் போட்டா வர்றவனும் ஓடிருவான் லா."

தளம் அவருடையது, ஒப்படைத்துவிட்டேன். மாற்றுவது எளிது என்று நானே கற்றுக்கொடுத்திருந்ததால், படத்தின் கீழே மாமா சொந்தமாக ஒரு வரி சேர்த்தார்: 'எங்கள் தலைமைச் சமையல்காரர். முப்பது ஆண்டு அனுபவம்.' அனுபவம் மாமாவுடையது. படத்தில் இருந்தவருக்கு முப்பது வயதே ஆகியிருக்காது.

பினாங்கில் அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. மீறினால் கடையின் உரிமத்துக்கே ஆபத்து. மாமாவுக்குத் தோசையைத் தவிர வேறு பிழைப்பும் இல்லை. இது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த விதியையும் அந்தத் தாடியையும் நாங்கள் இருவருமே சேர்த்து யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, நான் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாநகர் மன்ற அதிகாரிகள் இருவர் வந்தார்கள். மூத்தவர் மலாய்க்காரர், உடன் வந்த இளம்பெண் தமிழர். அந்தப் பெண் கைப்பேசியை நீட்டினார். அதில் எங்கள் தளத்தின் தாடிக்காரர்.

"அண்ணே, இந்த ஆளு எங்க?"

மாமா உற்றுப் பார்த்துவிட்டு, "இப்ப இங்க இல்லியே" என்றார்.

"அப்ப எப்ப வருவாரு?"

பக்கத்து மேசையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த மாமாவின் கூட்டாளி, "காய்ச்சல்னு எம்.சி. லீவு எடுத்திருக்காரு மேடம்" என்றார்.

"டேய், வாய மூடுடா! லைசன்ஸ் போயிரும்டா!" என்றார் மாமா.

மூத்தவர் கேஸ் சிலிண்டர் தோம்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு மாவு வாளியின் மூடியைத் திறந்தார்.

"பாஸ், நான் நிக்கவே இங்க எடம் பத்தல. அவன் எங்க ஒளிவான்?" என்றார் மாமா.

நான் கை கழுவிவிட்டுப் போய், இந்த ஆள் மென்பொருளோடு இலவசமாக வந்தவர் என்று விளக்கினேன்.

இளம்பெண் முகம் சுளித்தார். "இலவசமாவா? சம்பளமே குடுக்காமயா வேல வாங்குறீங்க?"

வாயால் சொல்லிப் பயனில்லை என்று புரிந்தது. அந்தப் படத்தையே கொடுத்து இணையத்தில் தேடினேன். அதே வடிவமைப்பை எடுத்த எத்தனையோ பேர் மாமாவைப் போலவே படத்தை மாற்றாமல் விட்டிருந்தார்கள். நம் ஆள் சிலியில் ரொட்டிக் கடையில் இருந்தார். போலந்தில் தங்கும் விடுதியில், கென்யாவில் திருமணச் சமையலில். ஒரு தீயணைப்புப் பயிற்சித் தளத்தில், செய்யக்கூடாததற்கு உதாரணமாகவும் இருந்தார். எல்லா இடத்திலும் அதே சிரிப்பு, அதே தீ.

"இத்தன எடத்துல ஓடுனா எப்பத்தான் தூங்குவாரு?" என்றார் இளம்பெண்.

இலவசப் பொருளை ஊரே பயன்படுத்துவதில் இப்படி ஒரு நன்மை இருப்பதை என் வரிசையில் நான் சேர்த்திருக்கவில்லை.

மூத்தவர் பாதி நம்பினார். ஆனால், சமையல்காரர் என்று அந்த முகம் தளத்தில் இருக்கும்வரை சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது என்றார். இப்போதே மாற்றினால் காத்திருப்பதாகச் சொன்னார்.

மாமாவைத் தோசைக்கல் முன் நிறுத்தினேன். "கொஞ்சம் சிரிங்க, மாமா."

"இந்த நேரத்துல சிரிப்பு எங்கேருந்து வரும்?"

படத்தை ஏற்றினேன். மூத்தவர் தன் கைப்பேசியில் பக்கத்தைப் புதுப்பித்தார். தாடிக்காரரே வந்தார். மறுபடியும் புதுப்பித்தார். மறுபடியும் அவரே.

"போகமாட்டேங்குறாரே, அண்ணே" என்றார் இளம்பெண்.

மாமா கரண்டியோடு என் பக்கம் திரும்பினார். தளம் வேகமாகத் திறக்கட்டும் என்று பழைய பக்கத்தின் நகலைச் சேமித்து வைக்கும் வசதியை நான்தான் போட்டிருந்தேன். அந்த நகலை அழித்தேன். தாடிக்காரர் போய், காவல் நிலையத்தில் எடுத்த படம்போல மாமா வந்தார்.

மூத்தவர் மாமாவின் அடையாள அட்டையான ஐ.சி.யைக் கேட்டு வாங்கினார். அதில் அடர்ந்த முடியும் மீசையும், கைப்பேசியில் முறைப்பு, எதிரே வழுக்கையும் வியர்வையும். அதிகாரிகள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"மூணு பேரும் நீங்கதானா, அண்ணே?"

"ஆமாம்மா. அதுல ஐ.சி.ல இருக்கறவன் மட்டும் கொஞ்சம் கொழுப்புப் பிடிச்சவன்."

மூத்தவர் முதல்முறையாகச் சிரித்தார். 'சமையல்காரர் ஒருவர். உள்நாட்டவர்' என்று அறிக்கையில் மலாயில் எழுதிக் கையெழுத்திட்டு, அதன் நகலை மாமாவிடம் கொடுத்தார். மாமா அதை இருமுறை படித்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"என் படத்தத் தூக்கிட்டு, இதப் படம் புடிச்சிப் போடு. பெருசா."

போட்டேன். இப்போது தளத்தைத் திறந்தால் தோசை தெரிவதற்கு முன்னால் அந்தக் கையெழுத்துதான் தெரியும்.