நீலத்துக்காக ஒரு பொய்

புதுப்படம் வந்தால் என் அத்தை முதல் வாரத்திலேயே பார்த்தாக வேண்டும். அதே ஆசையோடு செங்கல் சூளைக்கும், மெழுகுவர்த்தி வார்க்கிற இடத்துக்கும் போவாள். எது எப்படி உண்டாகிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கல்யாணமாகாத பெண் கண்ட பட்டறைக்கும் போகிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு, துணைக்கு என்னை அனுப்புவாள். எட்டு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பாக்கியம் இருக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் இரண்டு வருடம் இருக்கும். முத்தியால்பேட்டையில் துணிக்கு அவுரி நீலச் சாயம் போடும் பாய் ஒருவரின் பட்டறைக்குப் போனோம். மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். தரையில் புதைத்த தாழியில் சாயம் செத்துவிட்டதாம். முக்கியெடுத்த துணியெல்லாம் சாம்பல் நிறமாக வந்தது. ஆட்கள் மாற்றி மாற்றிக் கழியால் கலக்கிக்கொண்டிருந்தார்கள். தேறாவிட்டால் தாழியைக் கொட்டிவிட்டுப் பட்டறையை மூடவேண்டியதுதான்.

"தாழி செத்தா, ஊரே நம்புற மாதிரி ஒரு பொய் சொல்லணும்பாங்க பெரியவங்க. அப்பதான் சாயம் உசுரு பிடிக்குமாம். அஞ்சு வேள தொழுவுற வாயால நான் எப்டிம்மா சொல்லுவேன்?" என்றார் பாய்.

"எங்கிட்ட உடுங்க பாய்," என்றாள் அத்தை.

திரும்பும் வழியில் மீன்காரி ஒருத்தியிடம் குனிந்து, "நாளைக்குக் காலைல கடற்கரைல பழைய பாலத்தாண்ட சினிமா ஷூட்டிங்காம். யார்கிட்டயும் சொல்லிடாதக்கா," என்றாள். அவ்வளவுதான். விளக்கு வைப்பதற்குள் சேதி எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது, கதாநாயகி குதிரையில் வருகிறாள் என்ற ஒட்டோடு. நகராட்சியில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, "எங்க ஆபீசுக்குத் தெரியாம ஷூட்டிங்கா?" என்று சிரித்தார். மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கடற்கரைக்குக் கிளம்பியவரும் அவர்தான்.

நானும் அத்தையும் பட்டறைக்குப் போனபோது அங்கிருந்த ஆட்களும் ஷூட்டிங் பார்க்க ஓடிவிட்டார்கள். "ஊரு நம்பிச்சான்னு நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க," என்று பாயையும் அத்தை அனுப்பிவைத்தாள். பிறகு தாழியை மூடி, கோணியைப் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் மூடியைத் தொட்டபோது கையில் ஒரு போடு போட்டாள்.

சாயங்காலம் ஊரே வெயிலில் கருகித் திரும்பியது. பாய் ஒரு துணியை முக்கி எடுத்தார். பச்சையாக வந்தது. எனக்கு அழுகை முட்டியது. ஆனால் காற்றுப் பட்டதும் அந்தப் பச்சை என் கண்ணெதிரே ஓரத்திலிருந்து நீலமாக மாறத் தொடங்கியது. கடைசியில் துணி முழுவதும் நல்ல நீலம். ஒரு பொய்க்கு இத்தனை சக்தியா! பாய் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புரளியைக் கிளப்பியது யார் என்று தெரிந்ததும் தெருவில் அத்தைக்கு 'ஷூட்டிங்காரி' என்று பேர் விழுந்தது. பெண் பார்க்க வருவதாக இருந்த வீட்டார் அதைக் கேள்விப்பட்டு வராமலே இருந்துவிட்டார்கள். அத்தை யாரிடமும் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. அடுத்த படத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

புளிக்க வைத்த மாவைக் கிண்டிக்கொண்டே இருந்தால் பொங்காது. சாயத் தாழியும் அப்படித்தான், ஒரு நாள் சும்மா விட்டால் தானே தேறிக்கொள்ளும் என்று வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். கையை வைக்காதீர்கள் என்று ஒரு பெண் சொன்னால் அந்தப் பட்டறையில் எவன் கேட்டிருப்பான்? அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. "எங்க அத்த மாதிரி பொய் சொல்ல இந்த ஊர்லயே ஆள் கெடையாது," என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.