ஆறு மோதிரத்துக்கு ஒரே தீர்ப்பு

திருப்பாதிரிப்புலியூர் கௌரிசங்கர் மோதிரத்தைத் தண்ணீரில் போட்டே தங்கமா இல்லையா என்று சொல்லிவிடுவார் என ஊரெல்லாம் பேச்சு. ஒரு பித்தளை மோதிரத்தை மாட்டிக்கொண்டு அவரைச் சோதிக்கப் போனேன். அவர் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அங்கே மெகருன்னிசா என்ற அம்மா, தன் மகளுக்குச் சிதம்பரத்து மாப்பிள்ளை வீட்டார் போட்ட மோதிரத்தோடு காத்திருந்தார். அது தங்கம்தான் என்று தெரிந்தால்தான் வெள்ளிக்கிழமை நிக்காஹ்.

"ஒரு மோதிரத்துக்குத் தண்ணி ஏறுறதே தெரியாதும்மா. ஆறு போட்டு ஆறால வகுக்கணும். ஸ்கூல் லேப்ல கோலிகுண்ட அப்படித்தான் அளப்போம்," என்றார் கௌரிசங்கர்.

மெகருன்னிசாவுடையது, என்னுடையது இரண்டோடு தெருவில் நாலு இரவல் வாங்கி, மொத்தமாக எடைபோட்டு, அளவு ஜாடியில் இறக்கி, எடையை ஏறிய தண்ணீரின் அளவால் வகுத்தார்.

"ஆறுமே கொஞ்சம் கலப்படம்!"

"என்னுது எவ்ளோ சார்?" என்றார் மெகருன்னிசா.

"சராசரியில உங்களுது என்னுதுன்னு ஏதும்மா?"

இரவல் தந்த நால்வரும் நகைக்கடைக்கு ஓடினார்கள். சராசரியைக் கெடுத்த என் பித்தளையை நான் மெல்ல எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மெகருன்னிசாவுக்குத் தர வேண்டிய பதில் மட்டும் இன்னும் பாக்கி.