வெளுத்த விரல்

என் அப்பா மாணிக்கவேல் ஆரணியில் பட்டுக்குச் சாயம் போட்டவர். முப்பத்தோரு வருடம். பத்து நகங்களும் அரக்கு நிறம்.

2004இல் அவருடைய கல்லீரலின் வலப்பக்கத்தில் கட்டி. அந்தப் பாதியை வெட்டியெடுத்தால் பிழைக்கலாம். மிச்சப் பாதி உடம்பைத் தாங்குமா என்பதே கேள்வி. அதை அறிய ஒரு பரிசோதனை உண்டு. கை நரம்பில் பச்சைச் சாயம் ஏற்றுவார்கள். கல்லீரல் அதை ரத்தத்திலிருந்து எடுத்துவிடும். விரலில் மாட்டிய கிளிப் ஒளியைச் செலுத்தி, பதினைந்து நிமிடத்தில் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடும். வேலூரில் ஒரு மருத்துவமனையில் அந்தக் கருவியைப் பராமரிப்பது என் வேலை.

விளக்க ஆரம்பித்தேன். அப்பா கையமர்த்தினார்.

“நல்ல பட்டுன்னா சாயத்தை இழுத்துக்கும், தொட்டித் தண்ணி தெளிஞ்சிடும். கெட்ட பட்டுன்னா சாயம் தண்ணியிலயே நிக்கும். அதானே?”

“அதேதாம்பா.”

“இதுக்கா நாலு வருசம் படிச்ச?”

முப்பத்துநான்கு சதவீதம் மிச்சம். பத்துக்குள் இருந்தால் துணிந்து அறுப்பார்கள். நான் ஏற்கவில்லை. நகக்கறை ஒளியைத் தடுத்திருக்கும் என்று டாக்டரிடம் வாதாடினேன். அடுத்த வாரம் மறுபடி செய்யலாம் என்றார். காதுமடலில் மாட்டும் கிளிப்புக்குச் சொல்லியனுப்பினேன். அதற்குள் அது வந்து சேரவில்லை.

அப்பா வந்தார். வலது ஆள்காட்டி விரல் மட்டும் வெளுத்திருந்தது. நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது.

“இன்னாப்பா இது?”

“ஹைட்ரோஸ்.” நிறம் தவறிய பட்டை வெளுக்கப் போடும் மருந்து அது.

“சொன்னா கேக்கறாரா?” என்றாள் அம்மா. “ரெண்டு நாளா கிண்ணத்துல விரலை உட்டுகினு குந்திகினு இருக்காரு. விரலுக்குப் பொண்ணு பாக்கப் போறாப்பல.”

கிளிப்பை மாட்டினேன். நான் திரையைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். முப்பத்துமூன்று.

“தண்ணி தெளியல போல.”

“காதுல மாட்டி இன்னொரு தடவை பாக்கலாம்பா.”

“உடும்மா. பட்டு இழுக்கலன்னா தண்ணி மேல கோவப்பட்டு இன்னா பண்றது? ஜல்தி கிளம்பணும். வேலை கெடக்குது.”

அவர்கள் பஸ் ஏறியதும் கருவியை முழுதாகச் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை. கருவி சரியாக இருப்பதற்காக நான் அழுதது அன்றுதான்.

அறுவை நடக்கவில்லை. பதினான்கு மாதம் இருந்தார். அதில் பதினொரு மாதம் தொட்டிக்குப் போனார்.

கடைசியாகக் குளிப்பாட்டியபோது அவர் வலது கையைப் பிடித்துப் பார்த்தேன். வேலையை விட்ட மூன்று மாதத்தில் நகங்கள் பாதிவரை வெளுப்பாக வளர்ந்திருந்தன. நுனிப் பாதியில் அரக்கு. ஆள்காட்டி விரலிலும் அப்படித்தான். தோலும் ஆறியிருந்தது. எனக்காக வெளுத்த விரல் அதுதான் என்று தெரிந்தவர்கள் இப்போது அம்மாவும் நானும் மட்டுமே.