அத்தான் படித்த கோடு

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், கையெழுத்து அழகாக இருக்கும் என்பேன். அதற்கு மேலும் கேட்டால் எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவேன்.

அத்தானுக்கு நான் வைத்த பெயர் மேனுவல். வீட்டுக்கு எந்தப் பொருள் வந்தாலும் அட்டைப்பெட்டியின் அடியில் கையை விட்டு முதலில் அந்தச் சின்னப் புத்தகத்தைத்தான் எடுப்பார். பொருளெல்லாம் பிறகு. மிக்சி, இஸ்திரிப்பெட்டி, சுவர்க்கடிகாரம் எல்லாவற்றின் புத்தகமும் வாங்கிய தேதியோடு ஒரே கோப்பில் இருக்கும். குடைக்குக்கூட ஒரு தாள் வந்ததாம். கல்யாணமான புதிதில், அக்கா குடையை மடிக்கிற விதம் தப்பு என்று பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் பார்க்க அவள் கையிலிருந்து பிடுங்கி மடித்துக் காட்டியவர் அவர். அப்போதே அவள் எங்கள் வீட்டுக்கு பஸ் ஏறியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. அவள் ஏறவில்லை. குடையைச் சரியாக மடிக்கக் கற்றுக்கொண்டாள்.

ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் முப்பது வருஷம் விண்ணப்பம் சரிபார்த்தார். பிறந்த தேதியில் நாளுக்கும் மாதத்துக்கும் நடுவே போடுகிற சாய்கோடு ஒன்று விட்டுப்போயிருந்தாலும் சரி, சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். வெயிலில் வரிசையில் நின்றவன் திரும்பவும் வரிசைக்குப் போவான். "கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கிறவன் நான்" என்று இதைப் பெருமையாக வேறு சொல்வார். அவர் ஓய்வு பெற்ற அன்று அந்த அலுவலகத்தில் யாரும் கண் கலங்கியதாக எனக்குத் தகவல் இல்லை.

போன வருஷம் அக்கா ஏணியிலிருந்து விழுந்தாள். முதுகில் ஆபரேஷன். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பிசியோக்காரம்மா, வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்கவைத்தால் கால் சீக்கிரம் திரும்பும், முப்பத்தாறு டிகிரி இருக்க வேண்டும், ஆறின தண்ணீரில் இறங்கினால் தசை இறுகிப்போகும் என்றார். பக்கத்துத் தெருவில் வீடு காலிசெய்துகொண்டு போனவர்கள் தங்கள் வெந்நீர்த் தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூடவே அதைச் சூடாக்குகிற ஹீட் பம்ப். ஏசிக்கு வெளியே மாட்டுகிற பெட்டி மாதிரிதான். விசிறி சுற்றும், காற்றிலிருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீரில் விடும். கொல்லைப்புறத்தில் தகரக் கூரைக்குக் கீழே தொட்டி, சுவரோரமாகப் பெட்டி. பெட்டியில் முழங்கால் உயரத்தில், ஒரு மூடிக்குப் பின்னால், எண் காட்டுகிற சின்ன டிஸ்ப்ளே. அதைப் பார்க்கக் குந்தி உட்கார வேண்டும்.

தொட்டி வந்த பிறகு அக்கா மாறினாள். முதலில் கம்பியைப் பிடித்து நின்றாள். அப்புறம் ஒரு கை. பிறகு எதையும் பிடிக்காமல் பதினோரு நிமிஷம். பதினைந்து ஆகட்டும், தரையில் நிற்கவைத்துப் பார்க்கலாம் என்றார் பிசியோக்காரம்மா. அக்காவுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை.

"பாத்ரூமுக்கு யார் கையையும் பிடிக்காம போயிட்டு வரணும்டி. கதவைத் தாழ் போட்டுக்கணும். அது போதும்" என்றாள் என்னிடம். அதுவரைக்கும் அத்தான்தான் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்காரவைத்து, வாசலில் நிற்பார்.

இந்த நேரத்தில்தான் டிஸ்ப்ளேயில் முப்பத்தாறுக்குப் பதிலாக முப்பத்தைந்து காட்ட ஆரம்பித்தது. அத்தான் குந்தி உட்கார்ந்து பார்த்தார். புத்தகத்தைப் புரட்டினார். பிறகு கால் விழுந்து கிடக்கிற பெண்டாட்டியைப் பார்த்து, "நீ வெளிய ஏறினதும் தொட்டி மூடியை உடனே மூடச் சொல்லி ஞாபகப்படுத்தறதில்ல, ஒரு டிகிரி போயிடுச்சு" என்றார். மூட வேண்டியவர் அவர். ஞாபகப்படுத்த வேண்டியது அவளாம்.

அடுத்த வாரம் விசிறி நின்றுபோனது. டிஸ்ப்ளேயில் எர்ரர் கோடு வந்தது: ஈ-5.

அத்தான் முகத்தில் அன்று தெரிந்த மகிழ்ச்சியை அவர் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து உரக்கப் படித்தார். ஈ-5 என்றால் தண்ணீரின் சூட்டை அறிகிற சென்சார் கோளாறு. ஏழு படிகள். ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தார்.

பிசியோக்காரம்மா சும்மா இருக்கமாட்டாமல் கேட்டார். "சார், ஃபில்டரை ஒருதடவை கழுவிப் பாக்கலாமே? தண்ணி சரியா ஓடலன்னாலும் நின்னுடும்னு சொல்வாங்க."

"அது ஆறும்மா" என்றார் அத்தான், விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிற அதே குரலில். "தண்ணி ஓட்டம் குறைஞ்சா ஈ ஆறு. நமக்கு வந்திருக்கிறது அஞ்சு. அஞ்சுக்கான படியில ஃபில்டரே கிடையாது."

கம்பெனிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண், "கோடு என்ன காட்டுது சார்?" என்றாள். "ஈ அஞ்சு" என்றார் இவர், பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கின பிள்ளை மாதிரி. அவளும் சென்சார்தான் என்றாள். புதுசு ஒன்றை அனுப்பிவைத்தாள். எட்டாம் நாள் வந்தது. மாட்டினார். ஸ்விட்சைப் போட்டார். ஈ-5. வந்த சென்சாரே பழுது என்று சண்டை போட்டு இன்னொன்று வரவழைத்தார். ஈ-5. வயரை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஈ-5.

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமாங்க?" என்று அக்கா கேட்டபோது, "அவனும் வந்து இதே புத்தகத்தைத்தான் பாப்பான். எனக்குப் படிக்கத் தெரியாதா?" என்றார். பெட்டிக்குப் பக்கத்தில் பழைய பாயைப் போட்டு, காலையிலும் சாயங்காலமும் குந்தி உட்கார்ந்து, அது என்ன காட்டுகிறது என்று தேதிவாரியாக எழுதிவைத்தார். அந்த நோட்டை நான் பார்த்தேன். பக்கம் பக்கமாக ஈ-5, ஈ-5, ஈ-5. அழகான கையெழுத்து. ஒரு மாதத்துக்கு மேல் அந்த மனுஷன் உட்கார்ந்து ஈ ஓட்டினார், வேறென்ன.

வேலை முடிந்து தினமும் சாயங்காலம் நான் அங்கே போவேன். தொட்டியோரமாக நின்று, "என்ன அத்தான், இன்னிக்கு அஞ்சா, ஆறா?" என்று கேட்பேன். "அஞ்சு" என்பார் நிமிராமல். மறுநாள் மதியம் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்தால் எல்லாருக்கும் அத்தான்தான் தொட்டுக்கொள்ள. அவர் மாதிரியே குந்தி உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை இறக்கி, "அது ஆறும்மா" என்று நான் செய்து காட்டினால், சிரித்துச் சிரித்து அவர்களுக்குப் புரையேறும். மெக்கானிக்கை நானே கூப்பிட்டிருக்கலாம். அவர் வீடு, அவர் பெட்டி, நமக்கெதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

அக்கா கட்டிலிலேயே கிடந்தாள். பிசியோக்காரம்மா காலை மடக்கி நீட்டிப் பார்ப்பார். முதலில் "பரவால்ல" என்றார். பிறகு "இறுகுது" என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் செய்துவிட்டுப் போனார். அக்கா பாத்ரூமைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

முப்பத்தொன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பெட்டிக்குள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டையே மாற்றிவிட்டார் அத்தான். மெயின் ஸ்விட்ச் வீட்டுக்குள்ளே இருந்தது. போடும்போது டிஸ்ப்ளேயை யாராவது பார்க்க வேண்டும்.

"நீ கொஞ்சம் இங்க உக்காந்து பாத்துச் சொல்லு. முதல்ல என்ன வருது, அப்புறம் என்ன வருதுன்னு கரெக்டாச் சொல்லணும்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல்முறையாக அந்தப் பெட்டிக்கு முன்னால் குந்தினேன்.

"போடவா?" என்று உள்ளிருந்து குரல்.

"போடுங்க."

டிஸ்ப்ளேயில் ஒரு விநாடி 89 என்று மின்னியது. பிறகு ஈ-5 வந்து நின்றது.

"திரும்ப அணைச்சுப் போடுங்க அத்தான்."

மறுபடியும் 89. பிறகு ஈ-5.

நான் கூரியர் கம்பெனியில் பார்சல் எடை போடுகிறவள். தினமும் காலையில் தராசைப் போட்டதும் ஒரு விநாடி எல்லா இடத்திலும் எட்டு எட்டாகக் காட்டும். எல்லாக் கோடும் எரிகிறதா என்று பார்த்துக்கொள்வதற்காக. ஒவ்வொரு எண்ணும் ஏழு குட்டிக் கோடுகளால் ஆனது. எட்டுக்கு ஏழும் எரிய வேண்டும். கீழே இடப்பக்கத்துக் கோடு செத்துப்போனால் எட்டு ஒன்பதாகத் தெரியும், ஆறு ஐந்தாகத் தெரியும். எங்கள் தராசு ஒன்றில் ஒருதடவை ஆறு கிலோ பார்சல் ஐந்து கிலோவாகப் போய்விட்டது. இங்கே 88 வர வேண்டிய இடத்தில் 89. போனது ஒரு கோடு. அதனால் எர்ரர் கோடே மாறிப்போயிருந்தது. முன்பு முப்பத்தைந்து என்று காட்டியதும் முப்பத்தாறுதான்.

"அத்தான், இது அஞ்சு இல்ல. ஆறு" என்றேன்.

ஓடிவந்தார். நான் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, என்னை ஸ்விட்ச் போடச் சொல்லி மூன்று தடவை பார்த்தார். அடுத்தவன் விண்ணப்பத்தில் சாய்கோடு இல்லை என்று முப்பது வருஷம் ஊரைத் தலையால் தண்ணீர் குடிக்கவைத்த மனுஷன், கண்ணுக்கு முன்னால் ஒரு கோடு இல்லாததைப் பார்க்கவில்லை. பிறகு பெருமூச்சு விட்டார்.

"அப்போ புத்தகம் தப்பில்ல" என்றார்.

என் கையில் அவருடைய ஸ்பானர் இருந்தது. வீசியிருப்பேன். கூடப்பிறந்தவளை நினைத்துக் கீழே வைத்தேன்.

ஃபில்டரைக் கழற்றினோம். முடியும் நூலும் எண்ணெய்ப் பிசுக்குமாக அடைத்துக்கிடந்தது. குழாயடியில் காட்டினால் பத்து நிமிஷ வேலை. ஸ்விட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் சூடேறிவிட்டது. பிசியோக்காரம்மாவும் அத்தானுமாக அக்காவைத் தூக்கி உள்ளே இறக்கினார்கள். நான் வழக்கம்போல ஓரமாக நின்றேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் வெடவெடவென்று நடுங்கியது. நாற்பது விநாடி. பிறகு தண்ணீருக்குள்ளேயே மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார் பிசியோக்காரம்மா. "எவ்வளவு திரும்பும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"மெஷின் இப்ப நல்லா ஓடுதும்மா" என்றார் அத்தான்.

"நான் மெஷினைக் கேக்கல சார்."

அத்தான் டவலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கால்சட்டை இடுப்புவரை நனைந்திருந்தது. என்னால் அடக்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். குடையிலிருந்து ஆரம்பித்தேன். மூடியை மூடவில்லை என்று அவளைச் சொன்னதைக் கேட்டேன். புத்தகம் பெரிதா, பெண்டாட்டி பெரிதா என்று கேட்டேன். பிசியோக்காரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவிவிட்டார்.

"போதும்டி" என்றாள் அக்கா, தண்ணீரிலிருந்து.

"என்ன போதும்? முப்பத்தொன்பது நாள்க்கா! கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்தாராம். நான் ஒரே ஒரு தடவைதான் பாத்தேன். பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு!"

"அதான்டி" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அவருக்குத் தெரியல. தெரியாம தினமும் ரெண்டு வேளை உக்காந்து பாத்தாரு. உனக்குப் பாத்த உடனே தெரியும். தினமும் சாயங்காலம் வந்து இங்கதான் நின்ன. ஏன்டி ஒரு நாள்கூடக் குனிஞ்சு பாக்கல?"

எனக்குப் பதில் தெரியும். அத்தான் மூக்குடைபடுவது எனக்குப் பிடித்திருந்தது. அது சீக்கிரம் முடிந்துவிட வேண்டும் என்று ஒரு நாளும் நான் நினைக்கவில்லை. அவளைப் பார்த்து இதை எந்த வாயால் சொல்வது?

"எழுந்திரிக்கா, தண்ணியில ரொம்ப நேரம் இருக்க வேண்டாம்" என்று குனிந்து கையை நீட்டினேன்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்து, "என்னங்க, வந்து கொஞ்சம் தூக்குங்க" என்றாள்.